விவாத அரங்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமைதி, நீதி, மனித மாண்பு ஆகியவற்றுக்காக நாடகத்தைக் கையில் எடுக்க நினைக்கும் ஆசிரியர்கள், கல்லூரி நாடகக் குழுவினர், தொண்டு நிறுவனப் பணியாளர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்ல முயன்றிருக்கிறேன். நான் சொல்வது விவாத அரங்கு என்ற ஒரு வடிவத்தைப் பற்றி மட்டும்.

விவாத அரங்கு என்றால் என்ன? தெரு நாடகத்திலிருந்து அது எப்படி வேறுபடுகிறது?

ஒரு குழு பதினைந்து, இருபது நிமிடம் ஓடும் சிறு நாடகம் ஒன்றை நடிக்கும். அதில் ஒருவருக்கு அநியாயம் நடக்கிறது. அவர் எதிர்த்து நிற்கப் பார்த்து, தோற்றுப்போகிறார். நாடகம் அங்கேயே முடிந்துவிடும். தீர்வு எதுவும் சொல்லப்படாது. பிறகு அதே நாடகம் முதலிலிருந்து மறுபடியும் நடக்கும். இந்த முறை பார்த்துக்கொண்டிருப்பவர்களில் யார் வேண்டுமானாலும் 'நிறுத்து' என்று குரல் கொடுக்கலாம். எழுந்து வந்து, தோற்றவரின் இடத்தில் நின்று, தான் என்ன செய்திருப்பேன் என்பதை நடித்துக் காட்டலாம். மற்ற நடிகர்கள் தங்கள் பாத்திரத்தை விட்டுக்கொடுக்காமல் அவரை மடக்கப் பார்ப்பார்கள். இருதரப்புக்கும் நடுவில் நின்று கேள்வி கேட்டு நிகழ்ச்சியை நடத்துபவரை ஜோக்கர் என்பார்கள்.

தெரு நாடகம் பெரும்பாலும் விடையோடு வருகிறது. வரதட்சணை வாங்காதீர்கள், சாதி பார்க்காதீர்கள், மதத்தின் பெயரால் சண்டை போடாதீர்கள் என்று பறையடித்துச் சொல்லிவிட்டு வேனில் ஏறிப் போய்விடுகிறது. ஊரும் கைதட்டுகிறது. வரதட்சணை தவறு என்று தெரியாமலா வாங்குகிறார்கள்? தவறு என்று எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை, உன் கூலியும் உன் குடும்பமும் உன் ஊரும் இருக்கிற நிலையில், நீ எப்படி எதிர்கொள்வாய் என்று விவாத அரங்கு கேட்கிறது.

இதை யார் தொடங்கினார்?

பிரேசில் நாட்டு நாடகக்காரர் அகஸ்டோ போவால் (1931–2009). கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வேதிப் பொறியியல் படிக்க நியூயார்க் போனவர், நாடகப் பைத்தியமாகத் திரும்பி வந்து 1956-இல் சாவோ பாவ்லோவின் அரேனா நாடகக் குழுவில் சேர்ந்தார். தொடக்கத்தில் அவரும் விடையோடு போகிற ஆள்தான்.

அந்தப் பழக்கம் விட்டுப்போன கதையை அவரே எழுதியிருக்கிறார். வடகிழக்குப் பிரேசிலில் நிலமற்ற விவசாயிகள் முன் ஒரு நாடகம். நடிகர்கள் துப்பாக்கியை உயர்த்திப் பிடித்து, நம் மண்ணுக்காக இரத்தம் சிந்துவோம் என்று பாடி முடிக்கிறார்கள். வெர்ஜிலியோ என்ற விவசாயி கண் கலங்கி ஓடி வருகிறார். நிலக்கிழாரின் அடியாட்கள் ஒருவருடைய நிலத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். சாப்பிட்டுவிட்டு, இந்தத் துப்பாக்கிகளோடு எல்லோரும் சேர்ந்து போய் விரட்டுவோம் என்கிறார். இவை மேடைக்குச் செய்த பொம்மைத் துப்பாக்கிகள் என்று நடிகர்கள் சங்கடத்தோடு சொல்கிறார்கள். பரவாயில்லை, எங்களிடம் நிஜத் துப்பாக்கி எல்லோருக்கும் போதுமான அளவுக்கு இருக்கிறது, நீங்கள் வந்தால் போதும் என்கிறார் அவர். நாங்கள் கலைஞர்கள், விவசாயிகள் அல்ல என்று இழுக்கிறார்கள். அப்படியென்றால் நீங்கள் சிந்தச் சொன்ன இரத்தம் எங்களுடையது, உங்களுடையது அல்ல என்று வெர்ஜிலியோவுக்குப் புரிந்துவிடுகிறது. தான் செய்யத் துணியாததைப் பிறரைச் செய்யச் சொல்லும் நாடகத்தை அதன்பின் போடுவதில்லை என்று போவால் முடிவு செய்தார்.

1971-இல் இராணுவ ஆட்சி அவரைக் கைது செய்து சித்திரவதை செய்தது. விடுதலையானதும் அர்ஜென்டினாவுக்குப் போனார். 1973-இல் பெரு நாட்டில் எழுத்தறிவுத் திட்டம் ஒன்றில் வேலை செய்தபோதுதான் இன்றைய வடிவம் பிறந்தது. அப்போது அவர் செய்துகொண்டிருந்த முறையில், பார்ப்பவர்கள் இருந்த இடத்திலிருந்தே யோசனை சொல்வார்கள், நடிகர்கள் அதை நடிப்பார்கள். ஒரு நாள் நாடகத்தின் கதை இது: எழுதப் படிக்கத் தெரியாத மனைவியிடம் கணவன் சில தாள்களைப் பத்திரமாக வைக்கச் சொல்கிறான். படிக்கத் தெரிந்தவரிடம் காட்டினால், அவை அவனுடைய காதலி எழுதிய கடிதங்கள். வீட்டுக்கு வருகிறவனை அவள் என்ன செய்ய வேண்டும்? கூட்டத்தில் இருந்த வாட்டசாட்டமான பெண் ஒருவர், அவனிடம் தெளிவாகப் பேசிவிட்டு மன்னிக்க வேண்டும் என்றார். நடிகை விதவிதமாகப் பேசிப் பார்த்தும் அவருக்குத் திருப்தியில்லை. பொறுமை இழந்த போவால், நீங்களே வந்து செய்து காட்டுங்கள் என்றார். அந்தப் பெண் மேடையேறி, கணவனாக நடித்தவரைத் துடைப்பக்கட்டையால் வெளுத்து வாங்கினார். பிறகு உட்கார்ந்துகொண்டு, மன்னித்துவிட்டேன், போய்ச் சமையலறையிலிருந்து சாப்பாடு கொண்டுவா என்றார்.

அவர் மனத்தில் இருந்த 'தெளிவான பேச்சு' எந்த நடிகைக்கும் எட்டியிருக்காது. இனிமேல் யோசனை சொல்பவரே மேடைக்கு வரட்டும் என்று விதி மாறியது.

ஒரு நிகழ்ச்சி உண்மையில் எப்படி நடக்கும்?

தேநீர்க் கடை ஒன்றை வைத்துச் சொல்கிறேன். நாடகம் கற்பனை, கடை கற்பனையல்ல.

நகரத்தில் வேலை பார்க்கும் தலித் இளைஞன் விடுமுறைக்கு ஊருக்கு வருகிறான். அப்பாவோடு கடைக்குப் போகிறான். பெஞ்சில் இருப்பவர்கள் கண்ணாடி டம்ளரில் குடிக்கிறார்கள். இவர்களுக்கு மட்டும் பேப்பர் கப். முன்பு தனிக் குவளையாக ஆணியில் தொங்கியது, இப்போது சுகாதாரம் என்ற பெயரில் கப்பாக வருகிறது. எனக்கும் டம்ளரில் கொடுங்கள் என்கிறான். டம்ளர் எல்லாம் கழுவக் கிடக்கிறது என்கிறார் கடைக்காரர். பெஞ்சில் இருக்கும் பெரியவர் சிரிக்கிறார். அவருடைய வயலில்தான் அப்பாவுக்குக் கூலி வேலை. அப்பா மகனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வருகிறார். இருவரும் சாலையோரம் நின்று கப்பில் குடிக்கிறார்கள். முடிந்தது.

மறுபடி ஓடும்போது பெரும்பாலும் முதலில் எழுபவர் ஓர் இளைஞராக இருப்பார். பெஞ்சைக் கவிழ்ப்பார். கூட்டம் ஆர்ப்பரிக்கும். பெரியவராக நடிப்பவர் அமைதியாக, உன் அப்பா நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்பார். ஆர்ப்பரிப்பு அடங்கிவிடும். ஜோக்கர் கூட்டத்தைப் பார்த்து, இது இப்படித்தான் நடக்குமா என்று கேட்பார். அடுத்து ஒரு பெண் வந்து, கழுவக் கிடக்கும் டம்ளரைத் தானே எடுத்துக் கழுவி நீட்டுவார். கடைக்காரராக நடிப்பவருக்கு ஒரு கணம் என்ன சொல்வதென்று தெரியாது. அந்தத் தடுமாற்றத்தைக் கூட்டம் கவனித்துவிடும். இன்னொருவர் அப்பாவின் இடத்தை எடுத்துக்கொண்டு, மகனை இழுக்காமல், அவன் கேட்டது நியாயம்தானே என்று பெரியவர் முகத்தைப் பார்த்துக் கேட்பார். வேறொருவர் காவல் நிலையம் போகலாம், 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறதே என்பார். சரி, போவோம் என்று ஜோக்கர் அந்த இடத்திலேயே நிலையத்தை உருவாக்குவார். புகாரை யார் எழுதுவது? சாட்சி சொல்ல வருகிறவர் யார்? சாட்சி சொன்னவர் மறுநாள் யாருடைய வயலில் வேலைக்குப் போவார்?

இரண்டு மணி நேரம் இப்படிப் போகும். முடிவில் எது சரியான வழி என்று ஜோக்கர் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

கடைக்காரரின் இடத்தை எடுத்துக்கொண்டு அவரை நல்லவராக நடித்துக் காட்டலாமா?

கூடாது. எல்லோருக்கும் முதலில் தோன்றும் ஆசை இதுதான். கடைக்காரர் மனம் திருந்தி டம்ளரில் கொடுத்துவிட்டால் பிரச்சினையே இல்லை, நாடகமும் தேவையில்லை. அப்படி ஒருவர் நடித்தால் கூட்டமே 'நடக்காது' என்று கத்தும். கத்தாவிட்டால் ஜோக்கர் கேட்க வேண்டும். ஒடுக்கப்படுபவர், அவருக்குத் துணை நிற்கக்கூடியவர், வேடிக்கை பார்ப்பவர் ஆகிய இடங்களைத்தான் மாற்றலாம். வேடிக்கை பார்ப்பவரின் இடம் நாம் நினைப்பதைவிட முக்கியமானது. பெஞ்சில் இருந்த மூன்றாவது ஆள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, எனக்கும் கப்பிலேயே கொடுங்கள் என்றால் என்ன ஆகும்?

மேடைக்கு யாரும் வராவிட்டால்?

முதல் ஐந்து நிமிடம் யாரும் வரமாட்டார்கள். காத்திருங்கள். பதற்றத்தில் குழுவைச் சேர்ந்தவரையே கூட்டத்தில் உட்காரவைத்து எழுப்புவது பழைய தந்திரம். ஊர்க்காரர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். நாடகத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் விளையாட்டு நடத்துங்கள். உடம்பு அசைந்துவிட்டால் எழுந்து வருவது எளிது. அதற்கும் யாரும் வரவில்லை என்றால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று காரணம்: நாடகம் அவர்களுடைய பிரச்சினையைப் பற்றியது அல்ல, அல்லது யாரோ ஒருவர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார், அவர் முன்னால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

பகையாக இருக்கும் இரு தரப்பையும் ஒன்றாக உட்காரவைத்து நடத்தினால் சமாதானம் வருமா?

இந்தக் கேள்வியை நல்லெண்ணத்தோடுதான் கேட்கிறார்கள். ஆனாலும் நான் வேண்டாம் என்றே சொல்வேன், குறைந்தது முதல் கட்டத்தில்.

தேநீர்க் கடை நாடகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதை ஊர்ப் பொதுத் திடலில், நிஜக் கடைக்காரரும் நிஜப் பெரியவரும் பார்க்க, நிஜ அப்பாவை மேடைக்குக் கூப்பிட்டால் என்ன நடக்கும்? அவர் வரமாட்டார். வந்தால், எங்கள் ஊரில் அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை என்பார். ஊர் ஒற்றுமையாக இருப்பதாக ஒரு புகைப்படம் கிடைக்கும். குழு போன பிறகு அவர்தான் அந்த ஊரில் இருக்க வேண்டும். போவாலின் முறை ஒரே ஒடுக்குமுறையை அனுபவிப்பவர்கள் தங்களுக்குள் ஒத்திகை பார்ப்பதற்காக உருவானது. அவர்கள் தனியாகச் சந்தித்து, பலமுறை நடித்துப் பார்த்து, இனி எதிர்த்தரப்பு முன்னால் நடிக்கலாம் என்று அவர்களே முடிவு செய்த பிறகு பொதுத் திடலுக்குப் போகலாம். அந்த முடிவை எடுக்கும் உரிமை குழுவுக்கோ, நிதி தரும் நிறுவனத்துக்கோ கிடையாது. அவசரமாகக் கொண்டுவரும் சமாதானம் பெரும்பாலும் பலவீனமான தரப்பின் செலவில்தான் வருகிறது.

வேறு வழிகளும் உண்டு. இலங்கையில் பராக்கிரம நிரியெல்ல முன்னின்று உருவாக்கிய 'மக்கள் களரி' குழுவில் சிங்கள, தமிழ்க் கலைஞர்கள் ஒன்றாகத் தங்கி, ஒருவர் மொழியை ஒருவர் கற்று, நகரும் கூடாரத்தோடு ஊர் ஊராகப் போய் இரு மொழிகளிலும் நடித்தார்கள். அங்கே பார்ப்பவர்களைச் சமாதானமாகப் போகும்படி யாரும் கேட்கவில்லை. சேர்ந்து வாழும் சிரமத்தை நடிகர்களே எடுத்துக்கொண்டார்கள்.

இந்தியாவில் யார் இதைத் தொடர்ந்து செய்கிறார்கள்?

மேற்கு வங்கத்தின் ஜன சம்ஸ்கிருதி. 1985-இல் சஞ்சய் கங்குலி சுந்தரவனப் பகுதியில் தொடங்கியது. நகரத்திலிருந்து போய் நடித்துவிட்டுத் திரும்பும் குழு அல்ல; கூலித் தொழிலாளர்களும் விவசாயக் குடும்பத்துப் பெண்களுமே அதன் நடிகர்கள். வரதட்சணையைப் பற்றிய அவர்களுடைய 'சோனார் மேயே' பல ஆண்டுகளாக ஊர் ஊராக நடக்கிறது. ஒரே கிராமத்துக்குத் திரும்பத் திரும்பப் போவார்கள். ஒரு தடவை நடித்துவிட்டு அடுத்த மாவட்டத்துக்கு ஓடும் திட்டங்களைப் பார்த்துப் பழகிய நமக்கு இதுதான் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம்.

தமிழில் இதற்கு முன்னோடிகள் உண்டா?

விவாத அரங்கு என்ற அதே வடிவத்தில் இல்லாவிட்டாலும் நெருங்கிய உறவினர்கள் உண்டு. 1980-இல் சென்னை அருகே சோழமண்டலத்தில் வங்க நாடகக்காரர் பாதல் சர்க்கார் நடத்திய பயிற்சிப் பட்டறை, மேடையும் ஒளியமைப்பும் டிக்கெட்டும் இல்லாமல் நாடகம் போட முடியும் என்று தமிழ்நாட்டின் ஒரு தலைமுறைக்குக் காட்டியது. 1985-இல் யாழ்ப்பாணத்தில் குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி, க. சிதம்பரநாதன் நெறியாள்கை செய்த 'மண் சுமந்த மேனியர்' மக்கள் தங்கள் துயரத்தைத் தாங்களே பார்க்க வைத்தது.

எனக்கு மிகவும் நெருக்கமாகப் படுவது மட்டக்களப்புச் சீலாமுனையில் சி. ஜெயசங்கரும் அவரோடு இயங்கியவர்களும் செய்த கூத்து மீளுருவாக்கம். பழைய கூத்துப் பிரதியை ஊர்க்காரர்களும் கூத்துப் பழக்கும் ஆசான்களான அண்ணாவிமாரும் சேர்ந்து உட்கார்ந்து படித்து, பெண்ணையும் சாதியையும் அது எப்படிக் காட்டுகிறது என்று வாதிட்டு, மாற்ற வேண்டியதை மாற்றி ஆடினார்கள். போவாலைப் படித்துத்தான் இதைச் செய்ய வேண்டும் என்றில்லை.

இதனால் எதாவது மாறியிருக்கிறதா, அல்லது மனத்திருப்திதானா?

நியாயமான சந்தேகம். கைதட்டலையும் கண்ணீரையும் சாட்சியாகக் காட்டுவது இந்தத் துறையின் பழைய நோய்.

சட்டம் மாறியதற்கு உதாரணம் உண்டு. 1992-இல் போவால் ரியோ டி ஜெனீரோ மாநகர மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நகரெங்கும் குழுக்களை அமைத்து, விவாத அரங்கில் மக்கள் மேடையேறிக் காட்டிய யோசனைகளைச் சட்ட முன்வரைவுகளாக எழுதிக் கொண்டுவந்தார். அவருடைய பதவிக்காலத்தில் 13 சட்டங்கள் நிறைவேறின. மாநகராட்சி மருத்துவமனைகளில் முதியோர் நல மருத்துவர் இருக்க வேண்டும் என்பது ஒன்று. குற்ற வழக்குகளில் சாட்சிகளைப் பாதுகாப்பது இன்னொன்று. அடுத்த தேர்தலில் அவர் தோற்றுவிட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மனம் மாறுகிறதா என்பதற்கு ருவாண்டாவிலிருந்து ஒரு சான்று. அது வானொலி நாடகம், விவாத அரங்கு அல்ல, ஆனாலும் பொருத்தமானது. 1994 இனப்படுகொலையை வானொலி தூண்டிவிட்ட நாடு அது. அங்கே 2004-இல் 'முசெகெவெயா' என்ற தொடர் தொடங்கியது. பகை வளர்ந்த இரண்டு கற்பனைக் கிராமங்களின் கதை. எலிசபெத் லெவி பலக் என்ற ஆய்வாளர் சில ஊர்களில் இந்தத் தொடரையும், வேறு சில ஊர்களில் உடல்நலத் தொடர் ஒன்றையும் ஓராண்டு குழுவாகக் கேட்கவைத்து ஒப்பிட்டார். 2009-இல் வெளியான முடிவு சுவையானது: கேட்டவர்களின் சொந்த நம்பிக்கைகள் பெரிதாக மாறவில்லை. ஆனால் ஊரில் எது ஏற்கத்தக்கது என்ற எண்ணமும், நடந்துகொள்ளும் விதமும் மாறின. இறுதியில் ஒவ்வொரு குழுவுக்கும் பொதுவாக ஒரு கேசட் பிளேயரைப் பரிசாகக் கொடுத்தார்கள். உடல்நலத் தொடர் கேட்டவர்கள் அதை ஊர் அதிகாரியிடம் ஒப்படைத்துவிடலாம் என்று சட்டென்று முடித்துக்கொள்ள முனைந்தார்கள். முசெகெவெயா கேட்டவர்களிடையே யாராவது ஒருவர் மறுத்துப் பேசினார். வாதம் நடந்தது, நாமே பகிர்ந்து வைத்துக்கொள்வோம் என்ற முடிவுக்கு வந்தார்கள்.

உள்ளத்தை மாற்றுகிறோம் என்று திட்ட அறிக்கையில் எழுதுபவர்கள் இதைப் படிக்க வேண்டும். மறுத்துப் பேசும் பழக்கம் வந்தால் அதுவே பெரிய பலன்.

ஆபத்து இல்லையா?

இருக்கிறது. 1989 ஜனவரி 1 அன்று டெல்லியை ஒட்டிய சாகிபாபாத்தில், ஜண்டாபூர் என்ற இடத்தில் ஜன நாட்டிய மஞ்ச் என்ற தெரு நாடகக் குழு 'ஹல்லா போல்' நாடகத்தை நடத்திக்கொண்டிருந்தபோது தாக்கப்பட்டது. ராம் பகதூர் என்ற தொழிலாளி கொல்லப்பட்டார். படுகாயமடைந்த, குழுவின் நிறுவனர்களில் ஒருவரான சஃப்தர் ஹஷ்மி மறுநாள் இறந்தார். ஜனவரி 4 அன்று அவருடைய மனைவி மொலோயஸ்ரீயும் குழுவினரும் அதே இடத்துக்குப் போய் அதே நாடகத்தை நடித்து முடித்தார்கள். பாலஸ்தீனத்தின் ஜெனினில் சுதந்திர நாடக அரங்கை நடத்திய ஜூலியானோ மெர்-கமிஸ் 2011 ஏப்ரல் 4 அன்று அந்த அரங்கின் அருகிலேயே சுட்டுக்கொல்லப்பட்டார்.

இவற்றை வீரக் கதைகளாக மட்டும் படிக்காதீர்கள். வெளியூர்க் குழுவுக்குப் பேருந்து இருக்கிறது. மேடையேறிய உள்ளூர்ப் பெண்ணுக்கு அது இல்லை. யார் வந்து பேசினார்கள் என்று வீடியோ எடுத்து இணையத்தில் போடுவதை முதலில் நிறுத்துங்கள். நிகழ்ச்சிக்குப் பிறகு யார் மிரட்டப்பட்டாலும் உடனே தொடர்புகொள்ள உள்ளூர் வழக்கறிஞரோ தொழிற்சங்கமோ இருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள்.

அனுமதி வாங்க வேண்டுமா?

எம்.ஆர். ராதாவின் நாடகங்களை மனத்தில் வைத்துக் கொண்டுவரப்பட்டதாகச் சொல்லப்படும் நாடகங்களைத் தடை செய்ய அரசுக்கு அதிகாரம் தந்த 1954-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு நாடகச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை, பரீக்‌ஷா நாடகக் குழுவின் ஞாநி தொடுத்த வழக்கில் 2013-இல் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. ஆனாலும் பொது இடத்தில் கூட்டம் சேர்ப்பதற்கும் ஒலிபெருக்கிக்கும் காவல் துறையிடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கும். ஒலிபெருக்கி இல்லாமல் நடிப்பதே நல்லது. பக்கத்தில் உட்கார வேண்டியிருந்தால் மக்கள் பக்கத்தில் உட்காருவார்கள்.

பாதிக்கப்பட்ட ஒருவரின் சொந்தக் கதையையே நாடகமாக்கலாமா?

அவர் விரும்பினால், பெயரும் ஊரும் அடையாளமும் மாற்றி, இரண்டு மூன்று பேருடைய அனுபவங்களைக் கலந்து செய்யலாம். அவரையே அவராக நடிக்க வைக்காதீர்கள். வன்முறையை மேடையில் அப்படியே காட்ட வேண்டிய அவசியமும் இல்லை. அடி விழுவதற்கு முந்தைய கணத்தில்தான் ஏதாவது செய்ய இடம் இருக்கிறது. நாடகத்தின் கண் அங்கே இருக்கட்டும். மறுநாள் அவருக்கு வேண்டாம் என்று தோன்றினால் நாடகம் கைவிடப்படும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், செலவழிந்த பணத்தைப் பற்றி அவரிடம் பேசாதீர்கள்.

நிதி தரும் நிறுவனம், நாடகம் ஒரு தெளிவான செய்தியோடு முடிய வேண்டும் என்கிறது. என்ன செய்வது?

வேறு நிதி தேடுங்கள். அல்லது அவர்களுக்குத் தனியாக ஒரு தெரு நாடகம் போட்டுக் கொடுங்கள்.

எவ்வளவு செலவாகும்?

ஐந்தாறு நடிகர்களின் பயணச் செலவும் சாப்பாடும். ஒரு பெஞ்சு, இரண்டு டம்ளர், ஒரு துண்டு போதும். நடிகர்கள் கூலி வேலையை விட்டுவிட்டு வருகிறார்கள் என்றால் அன்றைய கூலியை முதல் செலவாக எழுதுங்கள்.

பள்ளியில் செய்யலாமா?

செய்யலாம். ஆனால் தலைமை ஆசிரியர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது, ஆசிரியர் அடிப்பதைப் பற்றிய நாடகத்தில் எந்த மாணவரும் மேடைக்கு வரமாட்டார்.

முதல் நிகழ்ச்சியை எங்கிருந்து தொடங்குவது?

கதையைத் தேடி அலையாதீர்கள். ஒரே வேலையைச் செய்யும் பத்துப் பேரை, ஒரு தையல் ஆலையின் பெண்களையோ தூய்மைப் பணியாளர்களையோ, ஒரு மாலை உட்காரவைத்து, கடைசியாக எப்போது வாயை மூடிக்கொண்டு வந்தீர்கள் என்று கேளுங்கள். சொல்லத் தயங்கினால் சிலைபோல நின்று உடம்பால் காட்டச் சொல்லுங்கள்: மேற்பார்வையாளர் எங்கே நிற்பார், நீங்கள் எங்கே, பக்கத்தில் இருப்பவர் யாரைப் பார்ப்பார்? அந்தச் சிலைதான் நாடகத்தின் முதல் காட்சி.

நிகழ்ச்சி முடிந்ததும் மேடையேறியவர்கள் செய்து பார்த்த வழிகள் எல்லாவற்றையும், தோற்றவற்றையும் சேர்த்து, அன்றிரவே ஒரு நோட்டில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதம் அதே இடத்துக்குப் போகும்போது, அவற்றில் எதையாவது யாராவது நிஜத்தில் செய்து பார்த்தார்களா என்று கேட்டுவிட்டு நாடகத்தைத் தொடங்குங்கள்.